சுவிட்சர்லாந்துக்குக் கடலில் என்ன வேலை?

வடகிழக்கு அட்லாண்டிக் கடலைக் காப்பதற்கென்று ஓர் உடன்படிக்கை இருக்கிறது. 1992இல் பாரிஸில் கையெழுத்தானது. ஆஸ்பார் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 15 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அதில் உறுப்பினர்கள். நார்வே, ஐஸ்லாந்து, பிரிட்டன், போர்ச்சுகல் என்று பட்டியலை வாசித்துக்கொண்டே போனால் எதுவும் உறுத்தாது. எல்லாமே கடலோர நாடுகள். நடுவில் லக்ஸம்பர்க் வரும்போது லேசாக நெருடும். சுவிட்சர்லாந்து வரும்போது அச்சுப்பிழையோ என்றே சந்தேகம் வரும்.

ஆல்ப்ஸ் மலை, கடிகாரம், சாக்லேட், வங்கிக் கணக்கு, நம் சினிமாக்காரர்கள் டூயட் எடுத்துத் தேய்த்த புல்வெளி. சுவிட்சர்லாந்து என்றதும் நினைவுக்கு வருகிற எதிலும் உப்புத் தண்ணீர் கிடையாது. எந்தத் திசையில் நடந்தாலும் இன்னொரு நாட்டைத் தாண்டாமல் கடலைப் பார்க்க முடியாது. அந்த நாட்டுப் பிரதிநிதி மீன்வளம் பற்றியும் எண்ணெய்க் கசிவு பற்றியும் கடற்பறவைகள் பற்றியும் பேசும் கூட்டத்தில் உட்கார்ந்து கை தூக்குகிறார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை இல்லையா இது?

சுவிட்சர்லாந்து மட்டும் இப்படி இல்லை. நாலா பக்கமும் நிலம் வளைத்த நாடுகள் உலகில் 44 உண்டு. நிலஞ்சூழ் நாடுகள் என்று அவற்றை அழைப்போம். நேபாளம், பூட்டான், மங்கோலியா, எத்தியோப்பியா, பொலிவியா, ஹங்கேரி எல்லாம் இந்தக் கூட்டம்தான். உஸ்பெகிஸ்தானும் லிக்டன்ஸ்டைனும் இன்னும் ஒரு படி மேலே. அவற்றைச் சுற்றியிருக்கும் நாடுகளுக்கும் கடற்கரை கிடையாது. இவர்களுக்கெல்லாம் கடல் விஷயத்தில் பேச என்ன இருக்கிறது?

கொடி ஏறலாம், கப்பல் வராது

முதலில் நினைவுக்கு வரும் பதில், கப்பல். கடற்கரை இல்லாத நாடும் தன் கொடியைப் பறக்கவிட்டுக் கடலில் கப்பல் ஓட்டலாம் என்பது 1921இல் பார்சிலோனாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உரிமை. 1982இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் அதை உறுதி செய்தது. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, சுற்றிலும் சண்டை நடக்க, உணவு தானியம் கொண்டுவர வேறு வழி தெரியாமல் சுவிட்சர்லாந்து 1941இல் சொந்தக் கொடியோடு கப்பல்களைக் கடலில் இறக்கியது. இன்றைக்கும் சுவிஸ் கொடி ஏற்றிய சரக்குக் கப்பலின் பின்புறத்தில் பாசல் என்று எழுதியிருக்கும். அதுதான் அதன் தாய்த் துறைமுகம். பாசல் நகரம் ரைன் ஆற்றங்கரையில், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆற்றுப் படகுகள் அங்கே போகும். அந்தப் பெரிய கப்பல்களில் ஒன்றுகூடத் தன் தாய்த் துறைமுகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது.

மங்கோலியாவின் கதை இன்னும் வேடிக்கை. அதன் கப்பல் பதிவேடு 2003 முதல் சிங்கப்பூரிலிருந்து நடக்கிறது. யார் கப்பலுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடி தருகிற வியாபாரம் அது. இந்த மாதிரிக் கொடிக்கு வசதிக் கொடி என்று பெயர். கப்பலுக்குச் சொந்தக்காரர் ஓர் ஊர், மாலுமிகள் வேறு ஊர், கொடி மூன்றாவது ஊர். தப்பு நடந்தால் கேட்பது யார் என்று தெரியாது.

ஆகவே கப்பல் ஒரு காரணம்தான், ஆனால் மெலிந்த காரணம். கொடியை மட்டும் வைத்துப் பார்த்தால் சுவிட்சர்லாந்து ஆஸ்பார் மேசையில் உட்கார்ந்திருப்பதை நியாயப்படுத்த முடியாது. நிஜமான காரணம் மலைமேல் இருக்கிறது.

ஒரு கணவாய், மூன்று கடல்கள்

சுவிட்சர்லாந்தின் கிழக்கே, கிரௌபுண்டன் மாநிலத்தில், 2,645 மீட்டர் உயரத்தில் லுங்கின் கணவாய் இருக்கிறது. புல்லும் பாறையும் தவிர அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நிலவியல்காரர்களுக்கு அது முக்கியமான இடம். ஓட்டு வீட்டுக் கூரையின் முகட்டில் விழுந்த மழை எந்தச் சரிவில் இறங்குகிறதோ அந்தத் தாழ்வாரத்தில்தானே சொட்டும்? லுங்கினில் மூன்று சரிவுகள் கூடுகின்றன. வடக்குச் சரிவில் விழுந்த நீர் ரைன் ஆற்றில் சேர்ந்து வடகடலுக்குப் போகிறது. கிழக்கே விழுந்தது இன் ஆற்றில் ஓடி, டான்யூபில் கலந்து, கருங்கடலை அடைகிறது. தெற்கே விழுந்தது இத்தாலிக்குள் இறங்கி, போ ஆறு வழியாக அட்ரியாட்டிக் கடலில் விழுகிறது. நாட்டின் மேற்குப் பக்கத்தில் ரோன் ஆறு மத்தியதரைக் கடலுக்குத் தனியாக வேறு ஓடுகிறது.

ஒரு துளிகூடக் கடற்கரை இல்லாத நாடு நான்கு திசைக் கடல்களுக்கு நீர் அனுப்புகிறது. ஓர் ஆற்றில் வந்து சேரும் மழையெல்லாம் எந்தப் பரப்பில் விழுகிறதோ அந்தப் பரப்புக்கு வடிநிலம் என்று பெயர். சுவிட்சர்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரைன் வடிநிலம். லக்ஸம்பர்க்கின் நீரும் மோசெல் ஆறு வழியே ரைனில்தான் முடிகிறது. ஆஸ்பார் பட்டியலில் இந்த இரண்டு நாடுகளும் இருப்பதற்கு இதுதான் காரணம். அரசியல் வரைபடத்தை எடுத்துவிட்டு வடிநில வரைபடத்தை மாட்டினால், அச்சுப்பிழை மறைந்துவிடும்.

விலாங்கின் பிறந்த ஊர்

நீர் கீழே மட்டும்தான் ஓடும். உயிர் இரண்டு பக்கமும் போகும். இதைப் புரிந்துகொள்ள விலாங்கைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

ஐரோப்பிய ஆறுகளில் விலாங்கு ஏராளமாக இருந்தது. ஆனால் பல நூற்றாண்டுகளாக ஒருவரும் அதன் முட்டையைப் பார்த்ததில்லை. குஞ்சு பொரிப்பதையும் பார்த்ததில்லை. சேற்றிலிருந்து தானாகவே உண்டாகிறது என்று அரிஸ்டாட்டில் நினைத்தார். விடையைத் தேடி அலைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோகனஸ் ஷ்மிட். 1904இல் பாரோ தீவுகளுக்கு அருகே அவருடைய வலையில் இலை வடிவத்தில், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஓர் இளம் புழு சிக்கியது. விலாங்கின் இளம்பருவம் அது என்று அவருக்குத் தெரியும். சுமார் ஏழரை செண்டிமீட்டர் நீளம்.

ஷ்மிட்டின் யோசனை மிக எளிமையானது. இந்தப் புழு கடல் நீரோட்டத்தில் மிதந்து வரும்போதே வளர்கிறது என்றால், பிறந்த இடத்துக்கு நெருங்க நெருங்க அது சிறியதாக இருக்க வேண்டும். எங்கே மிகச் சிறியது கிடைக்கிறதோ அதுதான் பிறந்த வீடு. அட்லாண்டிக்கில் வலை வீசிக்கொண்டே மேற்கே போனார். புழுக்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. நடுவில் ஓர் உலகப் போர் வந்து வேலை நின்றது. மறுபடி தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தார்: அரை செண்டிமீட்டர், ஒரு செண்டிமீட்டர் அளவுக் குஞ்சுகள் கிடைக்கும் ஒரே இடம் சர்காசோ கடல். பெர்முடா தீவைச் சுற்றி, மிதக்கும் கடற்பாசிகள் நிறைந்த பரப்பு. ஐரோப்பாவிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு.

அங்கே பிறந்த குஞ்சு நீரோட்டத்தோடு கிழக்கே வருகிறது. எத்தனை காலம் மிதக்கிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் சண்டை உண்டு. ஐரோப்பியக் கரையை நெருங்கியதும் உடல் உருண்டு, நிறமற்ற சிறு விலாங்காகிறது. ஆற்று முகத்துவாரத்தில் நுழைந்து எதிர்நீச்சல் போடுகிறது. ரைனுக்குள் புகுந்தது ராட்டர்டாம், கோலோன், ஸ்ட்ராஸ்பர்க் கடந்து பாசல் வரை ஏறும். ஆற்றடிச் சேற்றில் பத்து, இருபது ஆண்டு சாவகாசமாக வாழும். ஒரு நாள் அதற்குப் பயணம் தோன்றும். கண் பெரிதாகும், வயிறு வெள்ளியாக மினுங்கும், குடல் சுருங்கும். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துக்கொண்டே ஆற்றில் இறங்கி, கடலில் பகலில் ஆழத்திலும் இரவில் மேலேயும் நீந்தி சர்காசோவுக்குப் போகும். ஒரே ஒரு முறை முட்டையிட்டுச் செத்துப்போகும்.

இன்றுவரை அங்கே ஐரோப்பிய விலாங்கு முட்டையிடுவதை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. வளர்ந்த விலாங்குகள் சர்காசோவுக்குப் போய்ச் சேர்கின்றன என்பதற்கே, செயற்கைக்கோள் கருவி கட்டி அசோர்ஸ் தீவுகளிலிருந்து அனுப்பிய விலாங்குகள் மூலம் 2022இல்தான் நேரடிச் சான்று வெளியானது.

இப்போது கேளுங்கள்: பாசலில் பிடிபடும் விலாங்கு எந்த நாட்டு மீன்? சர்காசோ கடலின் பெரும்பகுதி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுக்கடல். அங்கே பிறந்து, நான்கு நாட்டு நீரைக் குடித்து, மலை நாட்டில் வளர்ந்த உயிர். அதன் வாழ்வில் கூடுதலான ஆண்டுகள் கடற்கரையே இல்லாத ஒரு நாட்டின் பொறுப்பில் கழிகின்றன. போடன் ஏரிக்கும் பாசலுக்கும் இடையே ரைனில் 11 நீர்மின் நிலையங்கள். பாசலுக்குக் கீழே ஈஃபெட்ஸ்ஹைம் வரை இன்னும் 10. கடலுக்கு இறங்கும் நீண்ட உடலுள்ள விலாங்கைச் சுழலும் தகடுகள் எளிதில் துண்டாக்கிவிடும். சுவிஸ்காரர் ஒருவர் விளக்குப் போடுவதற்கும் சர்காசோவில் முட்டை குறைவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு அல்ல. 1980களுக்குப் பிறகு ஐரோப்பியக் கரைக்கு வந்து சேரும் இளம் விலாங்கின் எண்ணிக்கை 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்துவிட்டது. அணைகள் மட்டும் காரணமில்லை. மீன்பிடிப்பு, கடத்தல், ஒட்டுண்ணி, மாறும் நீரோட்டம் எல்லாம் உண்டு. ஆனால் அணைகளும் உண்டு.

சிவந்த ஆறு

1986 நவம்பர் 1, நள்ளிரவு தாண்டிய நேரம். பாசலை ஒட்டிய ஷ்வைட்சர்ஹாலேயில் சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. உள்ளே சுமார் 1,350 டன் வேதிப்பொருள்கள், பெரும்பாலும் பூச்சிக்கொல்லிகள். ஊரெங்கும் சங்கு ஒலித்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று வானொலி சொன்னது. செர்னோபில் வெடித்த அதே ஆண்டு. மக்கள் எப்படிப் பயந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீயை அணைக்கப் பீய்ச்சிய தண்ணீர்தான் வினையாகிப்போனது. ஆயிரக்கணக்கான கன மீட்டர் நீர், கிடங்கின் நஞ்சைக் கரைத்துக்கொண்டு, தேக்கி வைக்க ஒரு தொட்டி இல்லாததால் நேராக ரைனில் இறங்கியது. அதில் ஒரு சாயமும் இருந்ததால் ஆறு சிவப்பாக ஓடியது. பாதரசம் கலந்த பூஞ்சைக்கொல்லியும் அதில் சேர்த்தி. சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்குகள் செத்து மிதந்தன. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் என்று கணக்கிட்டார்கள். நச்சு நீர் ஜெர்மனியைக் கடந்து நெதர்லாந்துக்கு வந்தபோது, அங்கே குடிநீருக்கு ஆற்றுநீர் எடுப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. எல்லைச் சாவடியில் யாரும் அந்த நீரை நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

ரைன் நாடுகளுக்கு ஏற்கெனவே ஒரு பொது ஆணையம் இருந்தது. 1950இல், ஆற்றின் கடைமடையில் இருந்து அழுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்த நெதர்லாந்தின் வற்புறுத்தலில், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், லக்ஸம்பர்க், ஜெர்மனி சேர்ந்து தொடங்கியது. முப்பத்தாறு ஆண்டு பேசினார்கள், அளந்தார்கள், அறிக்கை எழுதினார்கள். ஆறு ஐரோப்பாவின் சாக்கடை என்றே பெயர் வாங்கியிருந்தது. சிவப்பு ஆறு தொலைக்காட்சியில் ஓடிய பிறகு, 1987இல், ரைன் செயல்திட்டம் வந்தது. 2000க்குள் ஆற்றுக்கு சால்மன் மீன் திரும்பி வர வேண்டும் என்பது அதன் இலக்கு.

மில்லிகிராம் கணக்கைச் சொல்லாமல் ஒரு மீனின் பெயரைச் சொன்னது சாமர்த்தியமான முடிவு என்பேன். சால்மன் விலாங்குக்கு நேர் எதிர்: ஆற்றில் பிறந்து கடலில் வளரும். அது திரும்பி வர வேண்டுமானால் கடலும் சரியாக இருக்க வேண்டும், ஆறும் சரியாக இருக்க வேண்டும், நடுவில் உள்ள அணைகளில் ஏறிப்போக வழியும் இருக்க வேண்டும். ஒரு மீனை இலக்காக வைத்ததில் எல்லா நாடும் மாட்டிக்கொண்டது. ஈஃபெட்ஸ்ஹைம் அணையில் 2000இலும் காம்ப்ஸ்ஹைமில் 2006இலும் மீன் ஏணிகள் திறக்கப்பட்டன. சால்மன் ரைனுக்குத் திரும்பிவிட்டது. பிரான்ஸ் பக்கத்து அணைகள் சிலவற்றில் வழி முடியாததால், பாசல் வரை தாராளமாக வருவது இன்னும் கைகூடவில்லை.

சுவிட்சர்லாந்து தன் பங்குக்கு 1991இல் பெருவிபத்து விதிகளைக் கொண்டுவந்தது. வேதிக் கிடங்குகள் தீயணைப்பு நீரைத் தேக்கி வைக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்றாயிற்று. ஒரு சாதாரண சிமென்ட் தொட்டி, 1986இலேயே கட்டியிருந்தால் அத்தனை விலாங்கும் பிழைத்திருக்கும்.

கடற்கரை நுரையும் சலவைத் தூளும்

விபத்து கண்ணுக்குத் தெரியும். தினமும் ஓடுகிற அழுக்கு தெரியாது. கடலுக்குப் பெரிய கேடு செய்தது அதுதான்.

சலவைத் தூளில் முன்பெல்லாம் பாஸ்பேட் தாராளமாகச் சேர்ப்பார்கள். கடின நீரிலும் நுரை வரும். வயலில் போடும் உரத்தில் நைட்ரஜன் உண்டு. இரண்டும் ஆற்றோடு போய்க் கடலில் சேர்ந்தால் அங்கேயும் உரமாகவே வேலை செய்யும். நுண்ணிய பாசிகள் மண்டும். வசந்த காலத்தில் நெதர்லாந்து, பெல்ஜியம் கடற்கரைகளில் முழங்கால் உயரம் நுரை ஒதுங்குவதைப் பார்த்தவர்கள் உண்டு. ஃபியோசிஸ்டிஸ் என்ற பாசி செய்யும் வேலை அது. பாசி செத்து அடியில் படியும்போது அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். அடியில் வாழும் சிப்பியும் புழுவும் நண்டும் மூச்சுத் திணறும்.

1987இல் லண்டனில் கூடிய வடகடல் நாடுகள், 1985 அளவில் பாதியாக இந்தச் சத்துகளை 1995க்குள் குறைப்போம் என்று ஒப்புக்கொண்டன. சுவிட்சர்லாந்து 1986லேயே துணி சோப்புத் தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்திருந்தது. வடகடல் மேல் அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். அதன் சொந்த ஏரிகள் பச்சையாகி நாறிக்கொண்டிருந்தன. தன் ஏரியைக் காப்பாற்றப்போய் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு கடலுக்கும் நன்மை செய்தது. சுற்றுச்சூழல் சரித்திரத்தில் நடந்த நல்ல காரியங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

பாஸ்பரஸ் சீக்கிரம் இறங்கியது. நைட்ரஜன் பிடிவாதம் பிடித்தது. குழாயில் வரும் அழுக்கைச் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தடுக்கலாம். வயலிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கிப் பல ஆண்டுகள் கழித்து ஆற்றில் ஊறி வரும் உரத்தை எந்தக் குழாயில் அடைப்பது?

செலவு யாருடையது என்ற சண்டையும் இங்கே உண்டு. பிரான்ஸின் அல்சாஸ் பொட்டாஷ் சுரங்கங்கள் ரைனில் கொட்டிய உப்பைக் குறைக்க 1976இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கொட்டிய பிரான்ஸ் 30 சதவீதம், ஜெர்மனி 30, பாதிக்கப்பட்ட நெதர்லாந்து 34, மேலே சும்மா இருந்த சுவிட்சர்லாந்து 6. அழுக்காக்கியவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனாலும் ஆறு பேச்சுவார்த்தையில்தான் சுத்தமானது, போரில் அல்ல.

புகைபோக்கியிலிருந்து சிப்பிக்கு

ஆறே கடலுக்குப் போகாத நாடு என்றால்? உஸ்பெகிஸ்தானின் ஆறுகள் எந்தச் சமுத்திரத்தையும் தொடுவதில்லை. அப்படியானால் அவர்கள் தப்பித்தார்களா?

இல்லை. மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரில் கரைந்த கரியமில வாயு ஒரு மெல்லிய அமிலமாகிறது. சோடாவின் சுருக்கென்ற சுவை அதுதான். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடியிருக்கிறது. சிப்பி, பவளம் போன்றவை ஓடு கட்ட வேண்டிய கார்பனேட் அதனால் குறைகிறது. வாயு எந்த ஊர்ப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று கடல் பிரித்துப் பார்ப்பதில்லை.

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. சின்னத் தீவு நாடுகள் சேர்ந்து கேட்ட கேள்விக்கு, ஹாம்பர்கில் உள்ள பன்னாட்டுக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 2024 மே 21 அன்று கருத்து சொன்னது: மனிதர்கள் வெளிவிடும் பசுமைக்குடில் வாயுக்கள் கடலை மாசுபடுத்துபவைதான், அதைத் தடுப்பது கடல் சட்ட உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் கடமை. அந்த உடன்படிக்கையின் 192ஆம் பிரிவு, கடலைக் காக்கும் கடமையைக் கடலோர நாடுகளுக்கு என்று குறுக்கிச் சொல்லவில்லை. எல்லா நாட்டுக்கும் சேர்த்தே சொல்கிறது.

யாருக்கும் சொந்தமில்லாத பரப்பு

கடமை மட்டும் இல்லை, பங்கும் உண்டு. கரையிலிருந்து 200 கடல் மைல் தாண்டினால் நீர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. கடல் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்படிப்பட்ட பொதுக்கடல். அதன் அடித்தரை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்ற எண்ணத்தை 1967இல் ஐ.நா. சபையில் எடுத்துவைத்தவர் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ. பொதுச்சொத்து என்றால் கடற்கரை இல்லாதவருக்கும் அதில் சம உரிமை. ஆழ்கடலில் உலோகம் தோண்டுவதை அவசரப்பட வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்று சொன்ன நாடுகளில் சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் இருப்பது இந்த உரிமையில்தான்.

2023இல் நிறைவேறிய பொதுக்கடல் உடன்படிக்கை 60 நாடுகளின் ஒப்புதல் கிடைத்து 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் அளித்த தொடக்க வரிசையிலேயே ஹங்கேரி இருக்கிறது. ஆஸ்பார் நாடுகள் அதற்கு முன்பே, 2010இலிருந்து, பொதுக்கடலில் பாதுகாப்பு மண்டலங்களை அறிவித்து வருகின்றன. 2021இல் நடு அட்லாண்டிக்கில் கடற்பறவைகளுக்காக ஒதுக்கியது கிட்டத்தட்ட 6 லட்சம் சதுர கிலோமீட்டர். சுவிட்சர்லாந்தைப் போல 14 மடங்குக்கும் மேல். அந்த மேசையில் சுவிட்சர்லாந்துக்கும் ஓர் இடம்.

மங்கோலியாவின் ஓட்டு

இதுவரை சொன்னதைக் கேட்டு, நிலஞ்சூழ் நாடுகள் கடல் மாநாட்டில் உட்காருவதெல்லாம் நல்லதற்கே என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பன்னாட்டுத் திமிங்கில ஆணையத்தில் சேரக் கடற்கரை தேவையில்லை, திமிங்கிலம் பிடித்த அனுபவமும் தேவையில்லை. மங்கோலியா 2002இல் சேர்ந்தது. மாலி, லாவோஸ் பின்னர் சேர்ந்தன. மூன்றும் திமிங்கில வேட்டையை மீண்டும் அனுமதிக்கக் கோரிய ஜப்பான் பக்கம் நின்றன. ஜப்பான் நிதியுதவியைக் காட்டி ஓட்டுச் சேர்க்கிறது என்று எதிரணி குற்றம்சாட்டியது, ஜப்பான் மறுத்தது. எதிரணியும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்திரியா, ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, லக்ஸம்பர்க், சான் மரினோ என்று அவர்கள் பக்கமும் கடல் பார்க்காத நாடுகள். 2006இல் செயின்ட் கிட்ஸ் தீவில் நடந்த கூட்டத்தில், வேட்டைத் தடை இனி தேவையில்லை என்ற அறிக்கை 33க்கு 32 என்று ஒரே ஓட்டில் நிறைவேறியது. (இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது.) தடையை நீக்க நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும் என்பதால் நடைமுறையில் எதுவும் மாறவில்லை. 2019இல் ஜப்பானே ஆணையத்தைவிட்டு வெளியேறியது.

ரைன் மேசைக்கும் திமிங்கில மேசைக்கும் வித்தியாசம் இதுதான். ஒன்றில் சுவிட்சர்லாந்து தான் கெடுத்த நீருக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தது. மற்றதில் பல நாடுகள் தலை எண்ணிக்கைக்காக உட்கார்ந்தன. கடற்கரை இருக்கிறதா என்று கேட்பது பயனில்லாத கேள்வி. கடலோடு அந்த நாட்டைக் கட்டியிருக்கும் கயிறு எது, நீரா, காற்றா, வெறும் ஓட்டா என்று கேட்க வேண்டும்.

நம் பக்கத்து மலை நாடு

வங்காள விரிகுடாவின் பெயரால் ஒரு கூட்டமைப்பு உண்டு: பிம்ஸ்டெக். தலைமையகம் டாக்காவில். நேபாளமும் பூட்டானும் 2004 முதல் அதில் உறுப்பினர்கள். இதுவும் முதல் பார்வைக்கு அச்சுப்பிழைதான். ஆனால் கோசி, கண்டகி, கர்னாலி மூன்றும் நேபாளத்திலிருந்து இறங்கிக் கங்கையில் சேருகின்றன. கங்கையின் ஆண்டு நீர்வரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நேபாளத்துடையது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. காத்மாண்டுவின் பாக்மதி ஆற்றில் விழும் பிளாஸ்டிக்கும் சாக்கடையும் இறங்குகிற திசையும் அதுவே.

அந்த நேபாள ஆறுகளிலும் விலாங்கு உண்டு. நம் தமிழ்நாட்டு ஆறுகளில் கிடைக்கிற அதே இந்திய விலாங்கு இனம். அதுவும் கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். இந்தியப் பெருங்கடலில் அது முட்டையிடும் இடத்தைத் துல்லியமாகக் காட்ட இன்னும் ஒரு ஷ்மிட் நமக்குக் கிடைக்கவில்லை. வங்காளிகளின் உயிரான ஹில்சா மீனோ கடலிலிருந்து கங்கையில் ஏறுவது. 1975இல் பராக்கா அணை வந்த பிறகு அதற்கு மேலே ஹில்சா வரத்து சுருங்கிப்போனது.

இந்தியாவும் நேபாளமும் 1954இல் கோசிக்கும் 1959இல் கண்டகிக்கும் 1996இல் மகாகாளிக்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அணை, கால்வாய், மின்சாரம், வெள்ளம் இவைதான் அவற்றின் விஷயம். 1996 டிசம்பரில் இந்தியாவும் வங்கதேசமும் போட்ட கங்கை ஒப்பந்தம், பராக்காவில் யாருக்கு எத்தனை கன அடி என்பதைப் பங்கிடுகிறது. மலை நாடு, சமவெளி நாடு, கடைமடை நாடு மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து, இந்த ஆறு எப்படிப்பட்ட நீரை விரிகுடாவில் கொண்டுபோய் விட வேண்டும் என்று பேசுகிற ரைன் ஆணையம் போன்ற ஓர் இடம் கங்கைக்குக் கிடையாது. கங்கை ஒப்பந்தத்தின் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. அடுத்ததை எழுதும்போது நேபாளத்துக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.